கால் ஊன்றும் இடம்

இரு சக்கர வண்டி என்று ஒன்று உண்மையில் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் அது இரு சக்கர வண்டி. நின்ற கணத்தில் அதற்கு மூன்றாவதாக ஒன்று தேவைப்படுகிறது. ஓட்டுகிறவன் தன் காலைக் கொடுக்கிறான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களை யாராவது கால்மட்டத்தில் குனிந்து பார்த்திருந்தால் இது விளங்கியிருக்கும். நூறு மோட்டார் சைக்கிள், நூறு கால். யாரும் அதை நினைத்துச் செய்வதில்லை. மூச்சு விடுவதைப் போல் கால் தானே போய் ஊன்றிக்கொள்கிறது. அது ஒரு காரியம் என்பது, செய்ய முடியாதவனுக்குத்தான் தெரியும். என் இடது கால் ஒன்றரை வயதில் போலியோவில் போனது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது சௌகரியம். இரக்கத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் தனித்தனியே பத்திரிகைகள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அங்கே போகவேண்டியதில்லை. மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் மூன்று வகையை நான் உட்கார்ந்தோ ஓட்டியோ பார்த்திருக்கிறேன். ஆட்டோ, சைடுகார் வைத்த புல்லட், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர். மூன்றும் விழாமல் நிற்கும். ஆனால் விழாமல் நிறுத்துகிற அந்தச் சக்கரத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் வேறுபடுகின்றன. அந்த இடம் மாறும்போது, உட்கார்ந்திருப்பவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் உள்ள உறவும் மாறிவிடுகிறது. அதைத்தான் ஒப்பிட விரும்புகிறேன்.

கூத்தாநல்லூருக்கு வங்கி வேலையாய் வந்த முதல் நான்கு வருஷமும் எனக்கு ஆட்டோதான். மன்னார்குடியிலிருந்து பஸ், லெட்சுமாங்குடியில் இறங்கி ஆட்டோ. ஆட்டோவின் பூர்வீகம் நமக்கு மறந்துவிட்டது. யுத்தத்தில் விமானத் தொழிற்சாலையை இழந்த இத்தாலியின் பியாஜியோ கம்பெனி, 1946ல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வரைந்த கொராடினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த எஞ்சினியர். 1948ல் அதே ஸ்கூட்டரின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் சேர்த்தார்கள். அதற்கு ‘ஆபே’ என்று பெயர். வெஸ்பா என்றால் குளவி, ஆபே என்றால் தேனீ. 1959ல் பஜாஜ் இந்தியாவில் இரு சக்கர, மூன்று சக்கர வண்டிகள் செய்ய லைசென்ஸ் பெற்றது. இத்தாலியில் காய்கறி மூட்டை இருந்த இடத்தில் இங்கே நாம் ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

ஆக, ஆட்டோவில் பிரயாணியின் ஸ்தானம் சரக்கின் ஸ்தானம். எந்த வளைவிலும் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். பார்வைக்கு டிரைவரின் பிடரி, காக்கிச் சட்டைக் காலர், கண்ணாடியில் இரண்டு கண்கள். டிரைவர் எதிர்க்காற்றோடு பேசுகிறார். நாம் அவருடைய முதுகோடு பேசுகிறோம். நான்கு வருஷம் நான் ஒரே பாயின் ஆட்டோவில் போய் வந்தேன். ஊர் விவகாரம், அவர் மகளின் பள்ளிக்கூடம், துபாயில் இருக்கும் மைத்துனர், எல்லாம் தெரியும். ஆனால் அவருடைய முகத்தை முழுசாகப் பார்த்தது, அடகு வைத்த நகையை மீட்க அவர் என் கவுண்டருக்கு வந்த அன்றைக்குத்தான். அங்கேயும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது என்பது வேறு விஷயம்.

வண்டி நடக்கும் விதத்தை அவரிடம்தான் கற்றேன். முன்னால் ஒரே சக்கரம். வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்பக்கமாக, வளைவின் வெளிமூலைக்கு ஓடுகிறது. அந்த மூலையில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. பாய் இதைச் சுருக்கமாகச் சொன்னார். “ஆட்டோவுக்கு முன்னாடி ரெண்டு மூலையிலயும் காலு இல்ல சார். வளைவுக்கு முன்னாலயே பிரேக்க புடிச்சிடணும். வளைவுக்குள்ள போயி புடிக்கக் கூடாது.” சிறுகதை எழுதுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கலாம்.

ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்து காலியாகக் கிடந்த களத்தில், “ஓட்டிப் பாக்குறீங்களா சார்?” என்று கேட்டார். ஏறி உட்கார்ந்தேன். கிளட்ச்சும் கியரும் இடது கையில். ஆக்ஸிலரேட்டர் வலது கையில். பிரேக் வலது காலுக்கு. கிளப்புவதற்கு ஒரு லீவர், அதுவும் கையில். இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை! இதைச் செய்தவர்கள் என்னைப் போன்றவனை நினைத்துச் செய்திருக்க நியாயமில்லை. ஆனால் விலக்கிவைக்கவும் நினைக்கவில்லை. பல கட்டிடங்களும் பல கவிதைகளும் நினைத்துச் செய்கிற உபகாரத்தைவிட, இந்த நினையாத உபகாரம் பெரிதாக இருந்தது. களத்தை நான்கு சுற்று சுற்றினேன். பின்சீட்டில் பாய். இறங்கும்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பின்னாடி ஒக்காந்தா பொழுதுக்கும் முதுகத்தான் பாத்துக்கிட்டு வரணும்போலருக்கே!” இருபத்திரண்டு வருஷம் ஆட்டோ ஓட்டியவர்.

சைடுகார் இதற்கு முந்தைய அனுபவம். தஞ்சாவூரில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கும்போது வகுப்புத் தோழன் ஒருவனின் பெரியப்பா, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், புல்லட்டின் இடப்பக்கம் சைடுகார் வைத்திருந்தார். 1975ல் வந்த ‘ஷோலே’யைப் பார்த்தவர்களுக்கு சைடுகார் என்றால் நட்பின் சின்னம். பாட்டின் நடுவே அது கழன்று தனியே ஓடி, பிறகு வந்து சேர்ந்துகொள்ளும். நிஜத்தில் அது கழன்றால் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில்தான் சேர்ந்திருப்பார்கள்.

சைடுகார் வண்டி ஒரு விநோதப் பிராணி. நேராகப் போகச் சொன்னால் போகாது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் புல்லட் முன்னே பாய்கிறது. சைடுகார் பின்தங்கி இழுக்கிறது. மொத்த வண்டியும் இடப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. பிரேக் பிடித்தால் புல்லட் நின்றுவிடுகிறது, சைடுகார் முன்னே போகப் பார்க்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்புகிறது. ஓட்டுகிறவனுடைய கைகள் ஓயாமல் ஒரு வாக்குவாதத்தைத் தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட இடது வளைவு ஆபத்து. வேகமாகத் திரும்பினால் சைடுகாரின் சக்கரம் தரையைவிட்டு எழும்பும். உள்ளே ஆள் இல்லாவிட்டால் சீக்கிரமே எழும்பும். எனவே காலியாகப் போகும்போது அந்தப் பெரியப்பா சைடுகாரில் ஒரு சாக்கு மணலைப் போட்டுக்கொள்வார். நான் இருந்தால் மணல் வேண்டாம். “தம்பி, இடது வளைவு வருது, வெளியில சாஞ்சுக்க” என்பார். நான் சைடுகாரின் வெளிவிளிம்பு பக்கம் உடம்பைத் தள்ளிக் கொடுப்பேன். சக்கரம் தரையில் நிற்கும்.

அந்த வயதுவரை நான் ஏறிய எல்லா வாகனத்திலும் நான் ஒரு பாரம். அப்பாவின் சைக்கிள், மாமாவின் தோள், நண்பர்களின் பில்லியன், எல்லாவற்றிலும். யாரும் சொன்னதில்லை, சொல்லாமலிருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரமம்தான் எனக்குத் தெரியும். சைடுகாரிலும் நான் பாரம்தான். ஆனால் அந்த வண்டிக்குப் பாரம் தேவையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் மணல் மூட்டை தேட வேண்டும். மனிதனை மணலுக்குச் சமமாக்குவது அவனுக்குப் பெருமை தருமா என்று கேட்கலாம். எனக்கு அன்று தந்தது.

கூத்தாநல்லூரில் சைடுகாரைப் பற்றிப் பேச்செடுத்தால் வயதானவர்களுக்கு வேறு ஞாபகம் வருகிறது. இந்த ஊரைச் சின்ன சிங்கப்பூர் என்பார்கள். மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வியாபாரத்துக்குப் போய் வந்தவர்களின் வீடுகள், அவர்கள் கொண்டுவந்து சேர்த்த பழக்கங்கள், சொற்கள். என் கவுண்டருக்கு வரும் பெரியவர் ஒருவர், எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும், வட்டியைக் கணக்குப் புத்தகத்தில் பதிவதற்குள் ட்ரைஷாவைப் பற்றி ஒரு முழுச் சித்திரம் தந்துவிட்டார். சிங்கப்பூர் ட்ரைஷாவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருக்கை. பினாங்கில் இருக்கை முன்னால், மிதிக்கிறவன் பின்னால். நம் ஊர் சைக்கிள் ரிக்‌ஷாவில் மிதிக்கிறவன் முன்னால், சவாரி பின்னால். “பக்கத்துல ஒக்காந்தா பேசிக்கிட்டே போகலாம் தம்பி. முன்னால ஒக்காந்தா ரோட்டுல வர்றதெல்லாம் நம்ம மேலதான் வந்து மோதுற மாதிரி இருக்கும். பின்னால ஒக்காந்தா அவன் படுற பாட்டப் பாத்துக்கிட்டே போகணும்.” மூன்று ஊர், மூன்று சக்கரம், உட்கார்வதில் மூன்று தர்மம். ஒரு சமூக இயல் ஆய்வேடு செய்யவேண்டியதை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மோட்டார் வண்டிகளிலும் இந்த மூன்று இருக்கைகளும் உண்டு. சென்னையின் மீன்பாடி வண்டியில், மோட்டார் பொருத்தியதிலும், முன்னால் இரண்டு சக்கரமும் தட்டும். ஓட்டுகிறவன் எல்லாவற்றையும் முன்னே தள்ளிக்கொண்டு போகிறான். தில்லியில் யுத்தகால ஹார்லி டேவிட்சன்களின் பின்பாதியை எடுத்துவிட்டு, ஒரு கூண்டை வைத்து ஆட்களை ஏற்றினார்கள். அதன் ஓசையே அதற்குப் பெயரானது: பட்பட்டி. 1990களின் இறுதியில் புகைக்கு எதிரான நடவடிக்கையில் அவை சாலையிலிருந்து போயின. ஒரு தேசம் தன் மோட்டார் சைக்கிள்களை இரண்டு சக்கரத்தோடு விட்டுவைத்ததில்லை என்பதுதான் இவற்றிலிருந்து தெரிகிறது. இருவர் போகிற வண்டியில் ஆறு பேரை ஏற்றவேண்டிய நிர்ப்பந்தம் அப்படி.

இனி என் வண்டி.

நான் ஓட்டுவது கியர் இல்லாத ஒரு ஸ்கூட்டர். பின்சக்கரத்தின் இரு பக்கமும் குறுக்குத் தண்டு ஒன்றில் இரண்டு சிறிய சக்கரங்கள். நம் ஜில்லாவில் ஊருக்குப் பத்துப் பேராவது இதில் போகிறார்கள். அரசாங்கமே மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகவும் கொடுக்கிறது. எல்லோரும் இதை மூன்று சக்கர ஸ்கூட்டர் என்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் சக்கரம் நான்கு. பின்சக்கரம் பழைய இடத்திலேயே இருக்கிறது, ஓட்டுவது அதுதான். பக்கச் சக்கரங்கள் வெறுமே உருளுகின்றன. நான்கை மூன்று என்று ஊர் எண்ணுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று தரையில் விழும் தடம் மூன்று.

சட்டத்தின் பாஷை இன்னும் விசேஷம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த வகை வண்டிக்கு ‘இன்வேலிட் கேரேஜ்’ என்று பெயர். நான் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் அட்டையில் அப்படித்தான் அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அழுத்தம் விழும் இடத்தைப் பொறுத்து இரண்டு பொருள். முதல் அசையில் அழுத்தினால் நோயில் விழுந்தவன்; இரண்டாம் அசையில் அழுத்தினால் செல்லாதது. பகலெல்லாம் செல்லாத செக்குகளைத் திருப்பியனுப்புகிற எனக்கு இரண்டாவது உச்சரிப்புதான் முதலில் காதில் விழுந்தது. 2019ஆம் வருஷத் திருத்தம் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘அடாப்டட் வெஹிகிள்’ என்று வைத்தது. அதாவது மாற்றியமைக்கப்பட்ட வண்டி. இப்போது செல்லாதவன் யாருமில்லை, வண்டிதான் மாறியிருக்கிறது என்று ஆகிறது. ஒரு நல்ல திருத்தம். நம் விமர்சகர்களில் சிலருக்கு இன்னும் எட்டாத நல்ல திருத்தம்.

அதைச் சொல்லத்தான் வேண்டும். ‘இந்த வரி நொண்டுகிறது’, ‘நாவலின் பிற்பகுதி நொண்டியடிக்கிறது’ என்று நம் பத்திரிகைகளில் வாரி வழங்கப்படுகிறது. புண்படுகிறது என்பது என் ஆட்சேபணையல்ல. அந்த உருவகம் கவனக்குறைவானது என்பதுதான். தமிழில் நொண்டிக்கென்றே ஒரு யாப்பு இருக்கிறது. நொண்டி நாடகங்களில் குதிரை திருடப் போய்க் கால் வெட்டப்பட்டவன் மேடையில் ஒற்றைக்காலில் தத்திக்கொண்டே தன் கதையைப் பாடுவான். அந்தச் சிந்துக்கு நொண்டிச்சிந்து என்று பெயர் வந்தது. கீழக்கரை சீதக்காதியின் பேரில்கூட ஒரு நொண்டி நாடகம் உண்டு. பாரதி பாரத ஜனங்களின் தற்கால நிலைமையைப் பாடியது இந்தச் சிந்தில்தான். நொண்டுவது ஒரு நடை. அதற்குத் தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் கோபத்தைக்கூடப் பாடலாம் என்று நம் முன்னோர் கேட்டறிந்திருக்கிறார்கள். நடை கெட்டுப்போன வரியைச் சொல்ல வேறு சொல் தேடுவது விமர்சகனின் வேலை. நாடகத்தின் முடிவில் தெய்வ அருளால் கால் மறுபடி வளரும். நம் காலத்தில் கால் வளர்வதில்லை. லேத் பட்டறையில் சக்கரம் வளர்கிறது.

பட்டறை என்று சும்மா சொல்லவில்லை. 1948ல் இத்தாலியில் ஸ்கூட்டரின் பின்பாதியைப் பிரித்து எதைச் செய்தார்களோ, அதையே சின்ன அளவில் நம் ஊர் வெல்டர்கள் செய்கிறார்கள். ஒரு வித்தியாசம். ஆட்டோவில் எஞ்சினின் பலம் பின்சக்கரம் இரண்டுக்கும் பிரிந்து போகிறது. என் வண்டியில் பலமெல்லாம் நடுச்சக்கரத்துக்கு. பக்கச் சக்கரங்களுக்குத் தாங்குகிற வேலை மட்டும். ஓட்டுவது ஒன்று, தாங்குவது வேறு. இந்தப் பிரிவினையின் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

ஓட்டும் அனுபவத்தில் முதல் அதிர்ச்சி மற்றவர்களுக்குத்தான். நன்றாக மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற நண்பர்கள் இதில் ஏறினால், முதல் வளைவிலேயே வயலுக்குள் இறங்கப் பார்க்கிறார்கள். இரு சக்கர வண்டி ஹாண்டில்பாரைத் திருப்பி வளைவதில்லை, சாய்ந்து வளைகிறது. வேகத்தில் வலப்பக்கம் போக வலது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ளவேண்டும். அவர்கள் அப்படித் தள்ளுவது அவர்களுக்கே தெரியாது. சாயாத வண்டியில் அதே பழக்கம் எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் மறக்கவேண்டியதும் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, சாலை. இரு சக்கர வண்டி பூமிக்கு நேராக நிற்கிறது. மூன்று சக்கர வண்டி சாலைக்கு நேராக நிற்கிறது. இந்த வித்தியாசத்தை டெல்டாவில் வண்டி ஓட்டுகிறவன்தான் அறிவான். இங்கே சாலைகள் வாய்க்கால் கரையை ஒட்டிப் போகின்றன. நடு உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்தச் சரிவு தெரியாது. எனக்கோ, இடது ஓரம் போனால் வண்டி முழுவதும் வாய்க்காலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். முதுகெலும்பு அதை ஈடுகட்ட வலப்பக்கம் வளைந்துகொள்ளும். மன்னார்குடி போய்ச் சேரும்போது இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். சாலை போட்ட மனிதரின் மட்டப்பலகையை என் இடுப்பு தினமும் சரிபார்க்கிறது. பள்ளங்களிலும் அப்படியே. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தடம் போதும். நல்ல தரையாக ஒரு சாண் அகலம் கிடைத்தால் தப்பிவிடும். சைடுகாருக்கு இரண்டு தடம். ஆட்டோவுக்கும் எனக்கும் மூன்று தடம். ஒன்றைத் தப்பித்தால் மற்றொன்று விழும். தையில் சம்பா அறுத்து நெல்லைச் சாலையில் காயவைத்து, ஓரத்தில் கல்லும் கழியும் வைத்துவிட்டால், மிச்சமிருக்கிற வழியில் மூன்று தடத்துக்கும் இடம் தேடுவது கணக்குப் பரீட்சை.

மூன்றாவது, சாய்வு இல்லாமை. நண்பர்களின் பில்லியனில் உட்கார்ந்து போன நாட்களில், வளைவில் வண்டியும் இரண்டு உடம்பும் ஒன்றாகச் சாய்ந்து எழுகிற சுகத்தை அறிந்திருக்கிறேன். என் வண்டியில் வளைவு என்பது வெளியே தள்ளப்படுவதுதான். ஐரோப்பாவில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அதே பியாஜியோ 2006ல் கொண்டுவந்த எம்.பி.3ல் முன்னால் இரண்டு சக்கரம். இரண்டும் வளைவில் ஸ்கூட்டரோடு சேர்ந்து சாய்கின்றன. நிற்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும். கால் ஊன்ற வேண்டாம். ஓடும்போது சாயவும், நிற்கும்போது நிற்கவும் செய்கிற வண்டி. ஆனால் அது இரண்டு காலும் உள்ளவர்களின் சௌகரியத்துக்காக விற்கப்படுகிறது. விலையும் அப்படி.

என்னைப் போன்றவர்களுக்காக அதை யாரும் இங்கே செய்யப்போவதில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. 1995ல் பல்ஸ் போலியோ சொட்டு மருந்து தொடங்கியபோது எனக்கு ஏழு வயது. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌரா ஜில்லாவில் ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் தேசம் போலியோ இல்லாதது என்று சான்று கிடைத்தது. பக்கச் சக்கர ஸ்கூட்டர்களில் போகிற போலியோக்காரர்களின் கூட்டம் எங்கள் தலைமுறையோடு முடிகிறது. விபத்துகளும் சர்க்கரை வியாதியும் இந்த வண்டிகளுக்கு வேறு ஆட்களைத் தந்துகொண்டிருக்கும். ஆனால் ஓட ஆரம்பிக்கும் முன்பே காலை இழந்து, ஊன்றுவது என்பதை ஞாபகமாகக்கூட வைத்திருக்காதவர்கள், நாங்கள்தான் கடைசி. சந்தோஷமான முடிவு. முடிந்துகொண்டிருக்கிற ஒன்றின் உள்ளே இருப்பவனுக்கு அதன் விவரங்களை எழுதிவைக்கத் தோன்றுகிறது.

இப்போது அந்தப் பிரிவினையின் விளைவு. தரை ஏறத்தாழச் சமமாக இருக்கும்வரை நடுச்சக்கரம் ஓட்டும், பக்கச் சக்கரங்கள் தாங்கும். நடுவில் மட்டும் குழிந்திருந்தால்? பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நின்று வண்டியைத் தூக்கிவிடும். நடுச்சக்கரம் காற்றிலோ சேற்றிலோ சும்மா சுற்றும். வண்டி விழாது, சாயாது, நகரவும் நகராது. தாங்குவதற்கென்று வைத்தது ஓட்டுவதை நிறுத்திவிடுகிறது. உதவி என்பதன் இலக்கணம் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி இந்தக் குழியில் கற்றது.

ஒரு தை மாதம். நெல் காய்ந்துகொண்டிருந்த சாலையைத் தவிர்த்து, ஒரு நேரடிக் கொள்முதல் நிலையத்தின் பக்கமாக வண்டிப் பாதையில் வந்தேன். லாரிகள் போய் வந்து குழைந்த இடம். நடுவில் குழி, இரு பக்கமும் இறுகின மேடு. வண்டி நின்றுவிட்டது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன், சேறு பின்னால் தெறித்தது. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். “எறங்காதீங்க சார், அப்படியே தூக்கி வச்சிடுறோம்” என்று ஒருவர் பக்கத் தண்டைப் பிடித்தார். அது எனக்குப் பழக்கமான வாக்கியம். பள்ளிக்கூட மாடிப்படி, பஸ் படி, கல்யாண மண்டப மேடை எல்லா இடத்திலும் கேட்டது. தூக்கிவைத்தவர்கள் அனைவரும் நல்லவர்கள். தூக்கிவைத்த இடத்தில் இருந்துகொள்ள வேண்டியதுதான் என் பங்கு.

பதர் தூற்றிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் முறத்தைக் கீழே வைக்காமலே திரும்பிப் பார்த்தாள். “ஏண்டா தூக்குறீங்க? சக்கரம் தரையில படல. தூக்குனா இன்னமுல்ல படாது. எவனாச்சும் ஒருத்தன் பின்னால ஏறி ஒக்காருங்கடா.”

சுமைதூக்கி ஒருவர், கனத்த உடம்பு, தயங்கித் தயங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். ஸ்பிரிங் அமுங்கியது. நடுச்சக்கரம் இறங்கித் தரையைப் பிடித்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேட்டில் ஏறிவிட்டது. அவர் இறங்கினார். “கனமா இருந்திருக்குமே சார்?” என்றார் சங்கடத்தோடு. தன் உடம்பின் பாரத்துக்காக ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பது அதுதான் முதல் தடவை. அம்மாள் அதற்குள் மறுபடி தூற்ற ஆரம்பித்திருந்தாள்.

சைடுகாரில் பதினெட்டு வயதில் எனக்குத் தெரிந்ததை அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தில் வேறு பக்கத்திலிருந்து சொல்லிவிட்டாள். ஒன்றைத் தரையிலிருந்து எடுப்பது தாங்குவது ஆகாது. தரையோடு சேர்ப்பதுதான் தாங்குவது. அதற்குச் சில சமயம் பாரம் வேண்டியிருக்கிறது. பாரமாகத் தன்னை ஒருவர் தரவேண்டியிருக்கிறது. ஆட்டோவில் நான் சரக்கு, சைடுகாரில் எதிர்ப்பாரம், என் வண்டியில் ஓட்டுகிறவன். இந்த வரிசையை ஒரு முன்னேற்றமாகப் படிக்க எனக்கு விருப்பமில்லை. மூன்றில் சைடுகாரைத்தான் முதலில் வைப்பேன். ஓட்டுகிறவனும் உட்கார்ந்திருப்பவனும் ஒரே வளைவுக்குச் சேர்ந்து பொறுப்பேற்கிற வண்டி அது ஒன்றுதான். வாங்க வழியுமில்லை, ஓட்டவும் முடியாது. பழைய புல்லட்டில் பிரேக் இடது காலில்.

அந்தத் தைக்குப் பிறகு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பக்கச் சக்கரங்களை அரை அங்குலம் மேலே ஏற்றிவைக்க முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் யோசித்தார். “ஏத்தலாம் சார். ஆனா வண்டி ஆடுமே?” ஆடட்டும் என்றேன். தண்டின் பிடிப்பில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டை மாற்றி முடுக்கினார்.

இப்போது சமதரையில் பாரமெல்லாம் நடுச்சக்கரத்தில்தான். பக்கச் சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகின்றன. குழிகளில் முன்னைப்போல் மாட்டிக்கொள்வதில்லை. வளைவில், பக்கச் சக்கரம் தரையைப் பிடிப்பதற்கு முன்னால், அரை அங்குலத்துக்கு வண்டி சாய்கிறது. பின்னால் உட்கார்ந்து வரும் சக ஊழியர் அதை உணர்வதில்லை. வண்டியை நிறுத்தினால் அது நேராக நிற்பதில்லை. ஏதாவது ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், லேசாகச் சாய்ந்து ஊன்றிக்கொண்டு நிற்கிறது.